பிரேசில்காரருக்குத் துக்கம் விசாரித்த சாயப்பட்டறை

லுத்ஃபர் ரஹ்மான், வயது இருபத்து மூன்று, இருப்பது நாராயண்கஞ்ச், ஆற்றங்கரைச் சாயப்பட்டறை, லேப் பிரிவு. வீட்டுக்கு அனுப்பும் எந்தச் செய்தியையும் அவன் இப்படித்தான் தொடங்குவான். விரல்களில் எந்நேரமும் சாயம் ஒட்டியிருக்கும் என்பதால் போனைத் தட்டுவதில்லை. வாயால் சொல்வான், போன் எழுதிக்கொள்ளும். பங்களாதேஷின் வடக்கே குரிகிராமில், ஆற்றுத் திட்டில் இருக்கும் அவர்கள் வீட்டில் போன் ஒன்றுதான். தங்கை ஷியூலி எடுக்கலாம், சித்தப்பா எடுக்கலாம், படகுக்குக் காத்திருக்கும் யாராவது எடுத்து அம்மாவுக்குப் படித்துச் சொல்லலாம். யார் கையில் கிடைத்தாலும் பேசுவது எந்த லுத்ஃபர் என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவன் கவலை. அவனுக்கு எல்லாமே கவலைதான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரியே ஆரம்பிக்கிறியே அண்ணா, என்னத்தத் திருடின?" என்று ஷியூலி கேட்பாள்.

திருடவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தான்.

எட்டு மாதத்துக்கு முன் வேலை கேட்டு வந்தபோது சாயமேற்றும் வேலைக்குத் தலைவரான டையிங் மாஸ்டர் கோலாம் கிப்ரியா அவனை இரண்டு கேள்வி கேட்டார். முதலில் ஏழு வெள்ளைத் துணித் துண்டுகளை மேசையில் பரப்பி, எதில் மஞ்சள் கூட, எதில் நீலம் கூட என்று வரிசைப்படுத்தச் சொன்னார். லுத்ஃபர் தடுமாறாமல் அடுக்கினான். மாஸ்டர் தலையை நிமிர்த்தாமலே அடுத்ததைக் கேட்டார்.

"பிரேசிலா, அர்ஜென்டினாவா?"

சுவரில் நீலமும் வெள்ளையுமாக அர்ஜென்டினா கொடி. சாவிக்கொத்தில் நீலம், வெள்ளை. தண்ணீர்த் தம்ளருக்குப் பின்னிப் போட்டிருந்த உறையிலும் நீலம், வெள்ளை. லுத்ஃபரின் அப்பா ஷம்ஷேர் அலியோ தன் படகுக்கே பிரேசிலின் மஞ்சளும் பச்சையும் அடித்தவர். ஃபுட்பாலில் பிரேசில் தோற்ற நாளில் படகை அவிழ்க்க மாட்டார். அக்கரைக்கு அவசரமாகப் போக வேண்டியவர்கள் நீந்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த அப்பாவின் மகன் சுவர்க் கொடியைப் பார்த்துக்கொண்டு, "அர்ஜென்டினா, மாஸ்டர்" என்றான்.

"நல்லது. நிறம் பாக்கறவன் பொய் சொல்லக்கூடாது. பொய்யனுங்கள நான் லேப்ல சேக்கறதில்ல," என்று சொல்லி மாஸ்டர் வேலை கொடுத்தார். மறுநாள் அவரே அவன் மணிக்கட்டில் நீலமும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு ஒன்றைக் கட்டிவிட்டார்.

ஆறு மாதத்தில் பெர்மனென்ட் என்றார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது அவனுடைய வேலை இரண்டு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேசிலில் சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டை விற்கும் கம்பெனி ஒன்றுக்காக வெளிர்நீலத் துணியை மூன்று லாட்டாகச் சாயத்தில் ஓட்டியிருந்தார்கள். அந்த நீலத்தைக் கூட்டியது லுத்ஃபர். கம்பெனியின் ஆள் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டால், மாஸ்டர் லுத்ஃபரின் பெர்மனென்ட் தாளில் போடுவார். போடாவிட்டால் அவன் குரிகிராமுக்குப் போய் அப்பாவுடன் துடுப்புப் போடலாம்.

அந்த ஆள் வருவதாக இருந்தது ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின இரவுதான் கத்தாரில் பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்று உலகக் கோப்பையை விட்டு வெளியேறியது. அது போதாதென்று, விடிவதற்குள் அர்ஜென்டினா நெதர்லாந்தை ஜெயித்து அரையிறுதிக்குப் போனது.

காலையில் ஷியூலியிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அப்பா படுத்துட்டார். ஒரு வாய் சாப்பிடல. கூரை மேல இருக்கற கொடியப் பாதிக் கம்பத்துக்கு இறக்கச் சொன்னார், இறக்கிட்டோம். உங்க ஃபேக்டரிக்கு வர்ற பிரேசில்காரர் எப்படி இருக்கார்னு கேட்டுக்கிட்டே இருக்கார். பாத்துச் சொல்லு."

ஃபேக்டரியில், பட்டறையை ஒட்டிய தையல் தளத்தில் மெஷின்கள் பாதிச் சத்தத்தில்தான் ஓடின. அறுபத்தோரு பேர் வேலைக்கு வரவில்லை. தையல் தளத்தின் இன்சார்ஜ் கொர்ஷெத் ஆலம் கறுப்புக் காலர் துணியில் பட்டை வெட்டி, வந்தவர்கள் கையில் எல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். ஃபேக்டரியின் பிரேசில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவருக்கும் கிப்ரியா மாஸ்டருக்கும், கோப்பை தொடங்கியதிலிருந்து, மூன்று வாரமாக நேர்ப் பேச்சு கிடையாது. மேசைகளுக்கு நடுவே பன்னிரண்டடி தூரம். ஆனாலும் எதுவானாலும் லுத்ஃபர் மூலமாகத்தான்: "அந்த ஆள்கிட்ட ரெண்டாம் லாட் காஞ்சிருச்சுன்னு சொல்லு." அன்றைக்கு கொர்ஷெத் நேராக மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"மாஸ்டர், வர்றவர் நிஜ பிரேசில்காரர். நமக்கே சோறு இறங்கல. அவருக்கு எப்படி இருக்கும்."

"தெரியுது கொர்ஷெத் பாய்."

"பொறந்த மண்ணு மாஸ்டர்."

"தெரியுதுங்கறேன்ல. நானும் மனுசன்தான்," என்றார் கிப்ரியா. உள்ளே போட்டிருந்த பத்தாம் நம்பர் அர்ஜென்டினா பனியன் தெரியாதபடி சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார். லேப் ஆட்களுக்காக வாங்கி வந்திருந்த நாலு கிலோ ரசகுல்லாவைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஏற்பாடு செய்தார்கள். மொட்டை மாடியில் பறந்த அர்ஜென்டினா கொடியை மாஸ்டர் தானே போய் இறக்கினார். தளத்தில் பாட்டு நிறுத்தப்பட்டது. விருந்தாளிக்கென்று அடுப்பில் ஏறியிருந்த பிரியாணியை கேன்டீனிலேயே மூடி வைத்துவிட்டு, துக்க வீட்டுக்கு அனுப்புவது போலச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு மசியல். ஜி.எம். தன் பங்குக்கு ஓர் உத்தரவு போட்டார்: விருந்தாளி முன்னால் மேட்ச் என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது, புண்ணில் குத்தக் கூடாது.

கடைசியில் கொர்ஷெத்தின் பார்வை லேப் வாசலுக்குப் போனது. அங்கே வெளிர்நீலம், நாற்பத்திரண்டு ரோல், நடுநடுவே வெள்ளைத் துணி வைத்து அடுக்கியிருந்தது. நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை.

"அது இன்னிக்கு அவர் கண்ணுல படக்கூடாது மாஸ்டர்."

"எழவு வீட்டுல போய் கல்யாணப் பந்தலப் போடுவாங்களா? மூடுங்கப்பா அத," என்றார் மாஸ்டர்.

லுத்ஃபர் ரோல்களுக்கு முன்னால் போய் நின்றான். "மாஸ்டர், அவர் வர்றதே அந்த நீலத்தப் பாக்கத்தான்."

"உன் டீம் ஜெயிச்சிருச்சு, இன்னிக்கு உனக்கு நாக்கு நீளமாத்தான் இருக்கும்," என்றார் கொர்ஷெத்.

"நாளைக்குக் காட்டிக்கலாம்டா. முதல்ல ஆள் ஆறட்டும்," என்றார் மாஸ்டர். நாலு பேர் கறுப்பு பாலிதீன் விரிப்பைக் கொண்டுவந்து ரோல்களை மூடி, மேலே கல் வைத்தார்கள்.

பதினோரு மணிக்கு அவர் வந்தார். பெயர் ஒஸ்மார். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டை, வழுக்கை, தோளில் ஒரு சின்னப் பை. காரை விட்டு இறங்கும்போதே சிரித்தார்.

"சிரிக்கிறார் பாரு. தாங்கிக்கறார்," என்று கொர்ஷெத் முணுமுணுத்துவிட்டு, ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டவர் விடவில்லை. ஒஸ்மாரின் தோள்பட்டை நனைந்தது. ஜி.எம். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். தையல் தளத்தில் நாலாம் வரிசைப் பெண்கள் அவரைப் பார்த்ததும் துப்பட்டா நுனியால் கண்ணை ஒற்றினார்கள். ஒருத்தி சத்தமாகவே விசும்பினாள்.

"அல்லா உங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும்னு சொல்லு," என்றார் கொர்ஷெத்.

ஃபேக்டரியிலேயே ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவன் லுத்ஃபர்தான். சொன்னான்.

"நன்றி. ஏர்போர்ட்லேர்ந்து இங்க வர மூணு மணி நேரம். பொறுமை தேவைதான்," என்றார் ஒஸ்மார்.

உருளைக்கிழங்கு மசியலைச் சாப்பிட்டார். காற்றில் பிரியாணி வாசனை வந்தபோது மட்டும் ஒருமுறை மூக்கைத் தூக்கிப் பார்த்தார். அவர் மெல்லும்போது சுற்றி நின்ற பதினோரு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு லேப்புக்கு வந்தார். வெள்ளை, சாம்பல், மெரூன், பச்சை என்று மற்ற ஆர்டர்களின் துணியெல்லாம் அவர் முன்னால் விரிந்தது. எல்லாவற்றையும் மரியாதைக்குத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் தாளைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. என்னோட நீலம் எங்க?"

லுத்ஃபர் மாஸ்டரைப் பார்த்தான்.

"காயுதுன்னு சொல்லு."

"காயுது சார்."

"போன வாரமே காஞ்சிருச்சுன்னு மெயில் போட்டிருக்கீங்களே." ஒஸ்மார் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார். "லுத்ஃபர், இங்க யார் செத்தது?"

"யாரும் சாகல சார்" என்று லுத்ஃபர் சொன்ன அதே நேரம் பின்னால் கொர்ஷெத் மூக்கை உறிஞ்சினார்.

"இருபது வருஷமா ஃபேக்டரி ஃபேக்டரியாப் போறேன். மெஷின்ல ஒரு ஆள் போயிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கையில கறுப்புத் துணி. போர்டுல அறுபத்தோரு பேர் ஆப்சென்ட். என்னைப் பாத்து அழறாங்க, ஆனா யாரும் வாயத் தொறக்கல. அதோ அந்த விரிப்புக்கு அடியில என்ன?"

அவரே போய்க் கல்லைத் தள்ளிவிட்டு விரிப்பை இழுத்தார். நாற்பத்திரண்டு ரோல் நீலம். கொர்ஷெத் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதானே என் துணி? இதை ஏன் மறைச்சு வச்சீங்க? இந்த லாட் ஓடறப்பதானா அது நடந்தது?" ஒஸ்மாரின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "ஆள் செத்த லாட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரிப்போர்ட்ல எழுதணும். பேரச் சொல்லு."

கையெழுத்து கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்ததும் லுத்ஃபருக்கு ஜி.எம். உத்தரவெல்லாம் மறந்துவிட்டது. "சார், அல்லா சத்தியமா யாரும் சாகல. உங்க நாடு தோத்துப்போச்சு சார். அதுக்குத்தான்."

"எதுல?" என்றார் ஒஸ்மார்.

"என்ன சொல்றார்?" என்று கொர்ஷெத் கேட்டார்.

"எதுல தோத்துச்சுன்னு கேக்கறார்."

கொர்ஷெத் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் ஜி.எம்.மைப் பார்த்தார்.

"துக்கம் மூளைக்கு ஏறிடுச்சு. பாவம். தண்ணி குடுங்க," என்றார் கொர்ஷெத்.

தண்ணீரைக் குடித்துவிட்டு ஒஸ்மார் விளக்கினார். "ஃபுட்பாலா? ஓ. துபாய் ஏர்போர்ட்ல கொஞ்சம் பேர் மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. நான் காதுல பஞ்ச வச்சுக்கிட்டு வந்துட்டேன். எனக்கு அதுல ஒண்ணும் கிடையாதுப்பா. என் மச்சானுக்கு இருக்கு. எங்க தெருவுலயே பாதிப் பேருக்குக் கிடையாது." போனை எடுத்துக் கறுப்பும் செம்பழுப்புமாக ஒரு சின்னப் பறவையின் படத்தைக் காட்டினார். "இது என்னோடது. பாட்டுப் போட்டிக்குப் போற பறவை. ஒவ்வொரு கோலுக்கும் தெருவுல வெடி வெடிக்கிறானுங்க. போன உலகக் கோப்பைல பயந்துபோய்ப் பதினோரு நாள் பாடவே இல்ல. அதனால இந்தத் தடவை இத மலைல இருக்கற எங்க அக்கா வீட்டுல விட்டுட்டேன். நானும் வேலைக்கு எங்கயாவது போயிடலாம்னு, கோப்பைல ஆடாத நாடாத் தேடினேன். ஃபுட்பால்ல உங்க நாடு உலகத்துல எத்தனாவது இடம்?"

"நூத்தித் தொண்ணூத்திரண்டு சார்."

"அதப் பாத்துத்தான் வந்தேன். நிம்மதியா இருக்கும்னு."

லுத்ஃபர் சொல்லச் சொல்ல கொர்ஷெத்தின் முகம் மாறியது. "அவர் பாஸ்போர்ட்ட ஒரு தடவ பாத்துட்டீங்களா?" என்று ஜி.எம்.மிடம் மெதுவாகக் கேட்டார்.

ஆனால் ஒஸ்மார் இன்னும் நம்பவில்லை. "நான் பிரேசில்காரன். எனக்கே அழுகை வரல. பூமியோட அந்தப் பக்கத்துல ஒருத்தன் பெனால்டிய விட்டான்னு இங்க அறுபத்தோரு பேர் வேலைக்கு வரலங்கற. சொல்றதையாவது நம்பற மாதிரி சொல்லு."

"கொர்ஷெத் பாயப் பாருங்க சார், எப்படி அழறார்."

"முதலாளி சொன்னா யார் வேணா அழுவாங்க. இந்த ஃபேக்டரில சம்பளம் வாங்காத ஒரு ஆள், இதுக்காக அழறவங்க, ஒரே ஒருத்தரக் காட்டு. கையெழுத்துப் போடறேன்."

அப்படி ஒருவர் இருந்தார். லுத்ஃபரின் சட்டைப் பையில், ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் தூரத்தில். ஆனால் இரண்டு கை தூரத்தில் கிப்ரியா மாஸ்டர் நின்றார். அழுத்தினால் முதல் கையெழுத்து கிடைக்கும், இரண்டாவது போய்விடும். அழுத்தாவிட்டால் இரண்டுமே இல்லை. லுத்ஃபர் மணிக்கட்டுக் கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டான். மாஸ்டர் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வீடியோ கால் போட்டான்.

ஷியூலி எடுத்தாள். "என்ன அண்ணா, வேலை நேரத்துல?"

"அப்பாவக் காட்டு."

வீட்டு முற்றம் ஆடி ஆடித் தெரிந்தது. தகரக் கூரை மேல் பாதிக் கம்பத்தில் பிரேசில் கொடி. அதற்குக் கீழே கவிழ்த்துப் போட்ட படகு, மஞ்சளும் பச்சையும். வெயிலில் போட்ட கட்டிலில் மஞ்சள் சால்வை போர்த்திய ஒரு முதுகு. பக்கத்தில் தொடாத சோற்றுத் தட்டு, அதைக் காவல் காக்கும் பூனை.

மாஸ்டர் போனுக்குள் குனிந்து பார்த்தார். படகைப் பார்த்தார். லுத்ஃபரைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார்.

"அப்பா, பிரேசில்காரர் வந்திருக்கார்."

முதுகு திரும்பியது. ஷம்ஷேர் அலி எழுந்து உட்கார்ந்து, லுங்கியை இறுக்கி, கையால் தலையை வாரிக்கொண்டு சலாம் வைத்தார். முதல் கேள்வி: "சாப்பிட்டாரா?"

"உருளைக்கிழங்கு குடுத்தாங்க," என்றார் ஒஸ்மார்.

"அய்யா, மனச விட்டுடாதீங்க. நாலு வருஷம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும். ரெண்டாயிரத்துப் பதினாலுல ஜெர்மனிக்காரன்கிட்ட ஏழு கோல் வாங்கினோம். அதுக்கப்புறமும் உசுரோடதான இருக்கோம்?"

லுத்ஃபர் அப்படியே சொன்னான். ஒஸ்மார் புருவத்தைச் சுருக்கினார். "ஏழு கோல் வாங்கினது யாரு? பங்களாதேஷா?"

"இல்ல சார். நீங்க."

"ஓ." அவர் திரையை உற்றுப் பார்த்தார். பாதிக் கொடியை, படகை, பூனையை. "இவர் எப்பவாவது பிரேசில் வந்திருக்காரா?"

"குரிகிராம விட்டே வெளிய வந்ததில்ல சார்."

"எப்பலேர்ந்து சாப்பிடல?"

"நேத்து ராத்திரிலேர்ந்து."

ஒஸ்மார் திரைக்குத் தெரியாதபடி லுத்ஃபர் பக்கம் சாய்ந்தார். "இப்ப நான் என்ன சொல்லணும்?"

"நீங்களும் வருத்தத்துல இருக்கறதா சொல்லுங்க சார். ஆனா சாப்பிடப் போறேன்னும் சொல்லுங்க."

ஒஸ்மார் வருத்தமாக முகத்தை வைத்துப் பார்த்தார். பல்வலிக்காரர் மாதிரி வந்தது. இன்னொரு முறை முயன்றார், வரவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, தன் போனில் இருந்த அந்தப் பறவையை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். பதினோரு நாள் பாடாமல் கூண்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் தானாகத் தொங்கியது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

"இப்பத்தான் அழறார். இவர் பிரேசில்காரர்தான்," என்று சொல்லிவிட்டு கொர்ஷெத் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா நானும் சாப்பிடறேன்," என்றார் ஒஸ்மார் திரையைப் பார்த்து.

"அதெப்படி. விருந்தாளி முதல்ல."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா."

கேன்டீனிலிருந்து பிரியாணி ஓட்டமாக வந்தது. போனை நீல ரோல் மேல் சாய்த்து வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒஸ்மார் கரண்டியால், அந்தப் பக்கம் ஷம்ஷேர் அலி கையால். பூனை எழுந்து போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லு, கறி கம்மியா இருக்கு அவர் தட்டுல," என்று குரிகிராமிலிருந்து குரல் வந்தது. லுத்ஃபர் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து குனிந்து கறி வைத்தான். சட்டைக் கை மேலே ஏறியது.

"லுத்ஃபர், கையில என்னடா அது?"

சோற்றை உருட்டிய கை அந்தப் பக்கம் பாதியில் நின்றது. நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை. லுத்ஃபர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மாஸ்டர். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டவனுக்கு எந்தப் பொய்யைச் சொல்வதென்றுகூடத் தெரியவில்லை.

அப்போது கிப்ரியா மாஸ்டர் திரைக்கு முன்னால் தலையை நீட்டினார். "சலாம் சாச்சா. நான் இவனோட மாஸ்டர். அது ஒண்ணுமில்ல, சாயம் போகுதான்னு பாக்க லேப்ல எல்லாருக்கும் கட்டி விடறது. சோதனைக் கயிறு. நீங்க சாப்பிடுங்க."

"அப்படியா. நான்கூட வேற என்னமோன்னு பயந்துட்டேன்," என்று ஷம்ஷேர் அலி உருட்டிய உருண்டையை வாயில் போட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒஸ்மார் கை கழுவி, நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் நீலத்தை வைத்தார். மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்து மூன்று விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "நல்ல நீலம். இத ஏன்பா மறைச்சீங்க," என்று சொல்லி மூன்று லாட்டுக்கும் கையெழுத்துப் போட்டார். காரில் ஏறுமுன் அவருக்கு இன்னொரு விவரம் தேவைப்பட்டது.

"நாலு வருஷம் கழிச்சு நான் எந்த நாட்டுக்குப் போறது?"

"இந்தியாவுக்குப் போகச் சொல்லு. ஆனா கொல்கத்தா வேண்டாம், நம்மள விட மோசம். கேரளாவும் வேண்டாம்," என்றார் கொர்ஷெத்.

"திருப்பூர் போகச் சொல்லு," என்றார் மாஸ்டர். "ஒரு கோப்பை நேரத்துல நான் அங்க ட்ரெயினிங்ல இருந்தேன். கோப்பை வந்ததும் தெரியல, போனதும் தெரியல. எங்க பாத்தாலும் கிரிக்கெட்தான். மூணு மாசம் எனக்குத் தூக்கம் வரல. அவருக்கு நல்லா வரும்."

ஒஸ்மார் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

லேப் காலியானதும் மாஸ்டர் கதவைச் சாத்தினார். மேசைக்கு அடியிலிருந்து ரசகுல்லா டப்பாவை எடுத்து மேலே வைத்தார். லுத்ஃபரின் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"எட்டு மாசம்டா. என் பக்கத்துலயே உக்காந்து, என் தட்டுலயே மிட்டாய் எடுத்துத் தின்னு."

"மன்னிச்சிருங்க மாஸ்டர்."

"உன் வீட்டுப் படகு மஞ்ச."

"ஆமா மாஸ்டர்."

"உனக்காக இன்னிக்கு நானும் ஒரு பெரிய மனுசன்கிட்ட பொய் சொல்லிட்டேன். சோத்துல கை வச்ச மனுசன்கிட்ட. அதனாலதான் உன்னை இன்னும் வெளிய தள்ளல. இப்ப நிஜத்தச் சொல்லு. பிரேசில்தான?"

லுத்ஃபர் கயிற்றைத் திருகினான். "நிஜத்தச் சொல்லட்டுமா மாஸ்டர்? எனக்கு ரெண்டுமே இல்ல. மேட்ச் பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. யாராவது ஒருத்தர் தோத்துப்போவாங்களேன்னு. நான் எழுந்து வெளிய போயிடுவேன்."

பேனா மாஸ்டர் கையிலிருந்து மேசையில் உருண்டது. அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இல்ல மாஸ்டர்."

"சொல்லிடாத. பிரேசில்னாகூட மன்னிச்சிருவாங்க." பேனாவை எடுத்துக்கொண்டார். சிபாரிசு என்று போட்ட இடத்தில் நிதானமாக எழுதினார். 'வேலை: மிக நன்று. நடத்தை: கண்காணிப்பில்.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நிறுத்தினார். "செவ்வாய்க்கிழமை அரையிறுதி. அதுக்குள்ள உங்கப்பன் வீட்டுக் கூரைல நம்ம கொடி பறக்கறத நான் பாக்கணும். போட்டோ போதும். பாத்த உடனே போடறேன்."

"அப்பா உசுர விட்டுடுவார் மாஸ்டர்."

"அவர் தூங்கறப்போ கட்டச் சொல்லு. சாப்பிட வச்சுட்டோம்ல, இனிமே நல்லாத் தூங்குவார்." ரசகுல்லா டப்பாவை அவன் பக்கம் தள்ளினார். "தின்னு."

லுத்ஃபர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பாய்லருக்குப் பின்னால் போய் நின்றான். சுற்றிலும் ஆள் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்தான். அது எழுதிக்கொண்டது:

"லுத்ஃபர் ரஹ்மான், வயசு இருபத்து மூணு, இருக்கறது நாராயண்கஞ்ச், ஆற்றங்கரைச் சாயப்பட்டறை, லேப். இத யார் எடுத்தாலும் முதல்ல அப்பா பக்கத்துல இருக்காரான்னு பாருங்க. இருந்தா சத்தமாப் படிக்காதீங்க. நீலத்துக்குக் கையெழுத்து ஆயிடுச்சு. என் வேலைக்கு இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி. அம்மாவோட பெட்டியில அடியில வெளுத்துப்போன நீலச் சேலை ஒண்ணு இருக்கு. அதக் கிழிக்க வேண்டாம், மடிச்சு, நடுவுல வெள்ளைப் போர்வைய வச்சுக் குத்தினாப் போதும். செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒரு மத்தியானம், அப்பா தூங்கறப்போ, கூரை மேல பத்தே பத்து நிமிஷம் அதக் கட்டி, வீடும் படகும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு உடனே அவிழ்த்துடுங்க. தயவுசெஞ்சு."